அழிக்கப்பிடாது என்று எழுதிய அருளப்பன்

செய்தி வந்தபோது நான் ஒரு காரின் பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மூன்று முறை 'டிக்' சத்தம் கேட்கும்வரை திருக வேண்டும் என்பது எங்கள் பணிமனையில் அருளப்பன் போட்ட சட்டம். இரண்டாவது 'டிக்'கில் போன் அடித்தது. அவன் மனைவி பெல்சி. "அண்ணா, இவிய போயிட்டாவ" என்றாள். எங்கே போய்விட்டான் என்று கேட்டேன். அப்படி ஒரு மடத்தனமான கேள்வியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன், ஏலம் நடக்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது. என்னைவிட ஐந்து மாதம் இளையவன். போனை வைத்துவிட்டு மூன்றாவது 'டிக்' கேட்கும்வரை திருகிவிட்டுத்தான் கை கழுவினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நம் மெக்கானிக் சங்கத்தில் ஒரு சிறு மலர் போடுகிறோம், பதினான்கு வருடம் கூட்டாகத் தொழில் செய்தவர் நீங்கள்தான், நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். ஒப்புக்கொண்டேன். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு வராது, மன்னியுங்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது கள்ளமாகிவிடும் என்று தெரிந்தது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். படித்து முடித்தபின் இந்த மணியின் கடைக்கு வண்டி அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம்.

மார்த்தாண்டத்தில் கார் வேலை பார்க்கிற யாருக்கும் அருளப்பனைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்துக்காரன், குவைத்தில் பதினொரு வருடம் பெரிய பெரிய அமெரிக்க வண்டிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நம் ஊரில் புது ரகக் கார்கள் வந்து, வேகமானிக்குப் பக்கத்தில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தபோது நாம் எல்லாரும் முழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்கேனரைச் செருகினால் ஒரு நம்பர் வரும். அதிலும் அந்த நானூற்று நாற்பத்திரண்டு வந்தால் போச்சு. வண்டி நன்றாக ஓடும், இழுவை குறையாது, சத்தம் வராது, விளக்கு மட்டும் அணையாது. நாம் அந்த நம்பரை ஸ்கேனரிலேயே அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று கொடுத்துவிடுவோம். நாலு நாளில் திரும்ப எரியும். பிறகு அவனிடம்தான் போவோம்.

அவன் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன், தொழில் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். பெட்ரோல் தொட்டியிலிருந்து எப்போதும் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். அது வெளிக்காற்றில் கலக்காமல் ஒரு கரிப்பெட்டியில் போய் அடங்கி, அங்கிருந்து என்ஜினுக்குப் போய் எரிய வேண்டும். அந்தப் பாதையில் எங்கோ ஒரு சிறிய ஓட்டை இருக்கிறது என்று கார் சொல்கிற புகார்தான் அந்த நம்பர். பெரும்பாலும் மூடி சரியாக மூடாததாகத்தான் இருக்கும். மூடி இல்லையென்றால் தேட வேண்டும். "கார் வாய் தொறந்து சொல்லுது, நீ அதுக்க வாயப் பொத்துதியா?" என்பான், நான் நம்பரை அழிக்கப் போகும்போதெல்லாம்.

தேடுவதற்கு அவனே ஒரு கருவி செய்தான். காலி பெயிண்ட் டப்பா, டீசல் வண்டியிலிருந்து கழற்றிய, சூடேற்றுகிற குளோ பிளக், கொஞ்சம் எண்ணெய், காற்றுக்கு ஒரு குழாய். எண்ணெய் சுட்டுப் புகையும். அந்தப் புகையை ஆவிக்குழாய்க்குள் மெல்ல விட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் நூல்போல வெளியே வரும். முதல் நாள் வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிவிட்டான். பணிமனை முழுக்க நேந்திரங்காய் வறுக்கிற வாசனை. எதிர்க்கடைக்காரர் சிப்ஸ் போட ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டு வந்துவிட்டார். பிறகுதான் குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு மாறினான். இன்றைக்கு உங்களில் பாதிப் பேர் வைத்திருக்கிற டப்பா அவனைப் பார்த்துச் செய்ததுதான்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு என்று கண்டுபிடித்தவனும் அவனே. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், கேரளத்துக்குள் போனால் பெட்ரோல் விலை கூடுதல். அதனால் தினமும் திருவனந்தபுரம் போகிறவர்களும், அங்கிருந்து வருகிறவர்களும் எல்லைக்கு இந்தப்பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் கழுத்துவரை நிரப்புவார்கள். பம்பு தானாக நின்றபிறகும் விடமாட்டார்கள். இரண்டு பேர் காரைப் பிடித்துக் குலுக்குவார்கள், காற்றெல்லாம் வெளியே போய் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று. ஆவி போக வேண்டிய பாதையில் பெட்ரோலே ஏறிக் கரிப்பெட்டி நனைந்துவிடும். வேறு மாவட்டத்தில் இவ்வளவு கரிப்பெட்டி நாசமாவது கிடையாது என்று அவன் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. கழுத்துவரை நிறைந்த தொட்டியில் புகை போட்டுப் பார்ப்பதும் பிரயோஜனமில்லை, பெட்ரோல் மறித்துக்கொள்ளும், புகை போகாது. தொட்டி பாதியானால்தான் அது சோதனை.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கார் வெளியே போகும்போது, கைதுடைக்கிற துணியோடு வந்து நின்று என்னிடம் கேட்பான்: "சொன்னியா?" என்ன குறை, என்ன செய்தோம், எதில் கவனம் வேண்டும் என்று கார்க்காரரிடம் சொன்னாயா என்பது அதன் பொருள். வாடிக்கையாளரிடம் பேசுவது என் வேலை, வண்டிக்கு அடியில் படுப்பது அவன் வேலை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பான். எனக்கு எரிச்சலாக வரும். சொன்னேன் லே, சொன்னேன், போய் வேலையைப் பார் என்பேன்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம், திருவட்டாற்றிலிருந்து ராஜமணி சாரின் கார் வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை, தினமும் போய்வருகிறவர். மனைவி சுகந்தி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். மஞ்சள் விளக்கு, அதே நானூற்று நாற்பத்திரண்டு. சார் வழக்கம்போலக் குலுக்கி நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். அருளப்பன் மூடியை மாற்றிப் பார்த்தான். புகை போட்டான், ஒன்றும் வரவில்லை. தொட்டிக்கு மேலே, பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து இறங்கும் ரப்பர் குழாய்மேல் தனக்குச் சந்தேகம் என்றான். ஆனால் அவனுக்கு அன்று அஞ்சுகிராமத்தில் தங்கையின் புது வீட்டுப் பால்காய்ப்பு, போயே ஆக வேண்டும், திரும்பத் திங்கட்கிழமை ஆகும். வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றான். கொண்டுபோயே தீருவேன் என்று சார் நின்றால், பாதித் தொட்டி ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல், மேற்கொண்டு பெட்ரோல் ஊற்றக் கூடாது, அதுவரை கூரைக்கடியில் நிறுத்தக் கூடாது, திறந்த இடத்தில் நிறுத்தச் சொல் என்றான். வண்டிக்குரிய அட்டையிலும் எழுதினான்: 'பாதித் தொட்டி. மறுபடி புகை. வெளியில் நிறுத்த. நம்பர் அழிக்கப்பிடாது.' கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டான்.

அவன் போய் அரைமணி நேரத்தில் சார் வந்தார். நாளைக்குக் கார் வேண்டும் என்றார். இந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வருகிறது என்றார். வெளியே இன்னும் மூன்று வண்டி காத்து நின்றது. நான் ஸ்கேனரைச் செருகி நம்பரை அழித்தேன். விளக்கு அணைந்தது. "எல்லாம் செரியாச்சு சார்" என்றேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்கம் பெட்ரோல் வாசனை நன்றாகவே அடித்தது. கழுத்துவரை ஊற்றினால் அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அருளப்பன் சொன்ன எதையும் நான் சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. சொன்னால் சார் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு என்னைக் குடைந்துகொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் திரும்பவும் குலுக்கி நிரப்பிக்கொண்டு போய், வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் நிறுத்தினார். ஷெட்டின் மறுபக்கத்தில் வெந்நீர் அடுப்பு. சனிக்கிழமை விடியும்போது டீச்சர் அடுப்பில் தென்னம்பாளையைப் போட்டுத் தீக்குச்சி உரசியிருக்கிறார். ரப்பர் குழாயில் மேல்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. ராத்திரி முழுக்கச் சொட்டிய பெட்ரோலின் ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து அடுப்புவரை வந்திருந்தது. டீச்சர் பிழைத்தார். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின, கழுத்தும் ஒரு பக்கக் கன்னமும் வெந்துபோயின. ஸ்டேஷனில் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அருளப்பன் திங்கட்கிழமை காலையில் வந்தான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். கைதுடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சாரிட்ட சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன்.

துணியை விரித்து விரல் விரலாகத் துடைத்தான். பிறகு "செரி" என்றான். அட்டை அப்போது என் மேஜை இழுப்பறையில், பழைய ரசீதுக்கட்டுக்கு அடியில் இருந்தது. காலையிலேயே நான்தான் அங்கே வைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தானாகவே பேசினான். "எனக்க மூக்கு செத்துப்போச்சு, மக்கா. அந்தக் கொரோனா காய்ச்ச வந்ததுக்குப் பொறவு ஒரு மணமும் கெடையாது. பெட்ரோலு, மீனு, ஒண்ணும் இல்ல. ஒனக்கிட்ட மறச்சிட்டேன். எனக்கு மணம் இருந்திருந்தா அந்த வண்டிய வெளிய விட்டிருக்க மாட்டேன். இது நான் செஞ்ச பாவம்." எனக்கு உடனே நினைவு வந்தது. சில மாதம் முன்பு ஒரு நாள் அவன் ஊசிப்போன சாளை மீன் குழம்பை நிதானமாகப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். மூன்று கடை தள்ளி வறுபடுகிற மீன் என்ன மீன் என்று சொல்லக்கூடியவன். நான் தட்டைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, கடலோரத்தானுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று கேலி செய்தேன். அவன் சிரித்து மழுப்பினான். தொழிலில் தன் மூக்குக்கு இருந்த பெயர் அவனுக்குத் தெரியும், அதை இழந்ததைச் சொல்லக் கூச்சம்.

அந்த மத்தியானம் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். மணம் எனக்கு வந்தது லே, நீ சொன்னதை நான் சொல்லவில்லை லே என்று ஒரு வரி. சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து கை கழுவப் போகட்டும் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். "உன் குற்றம் ஒண்ணும் இல்ல, விடு" என்று பொதுவாக ஏதோ சொன்னேன். கோழைத்தனத்துக்கு ஆறுதல் மாதிரி வேஷம் போடத் தெரியும்.

அதன்பிறகு அவன் பெட்ரோல் தொட்டி வேலையைத் தொடவில்லை. புகை டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டான். வயரிங் வேலை மட்டும் பார்த்தான். மார்த்தாண்டம் முழுக்க, அருளப்பன் விட்ட வண்டிதான் எரிந்தது என்று பேச்சு. உங்களில் சிலரும் பேசினீர்கள், நான் குறை சொல்லவில்லை, உங்களுக்கு அப்படித்தான் தெரியும். என் காதுபடப் பேசியபோதும் நான் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அரை நாள் லீவு போட்டான். திருவட்டாறு போகிறான், டீச்சர் வீட்டில் மோட்டார், இன்வெர்ட்டர் என்று ஏதாவது பார்த்துக்கொடுத்து வருகிறான் என்று பெல்சி சொல்லித்தான் தெரியும். நான் அவனிடம் கேட்டதில்லை.

இன்னொன்றும் நின்றுபோனது. எனக்கு அது பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, எந்தக் காருக்கும், ஒரு தடவைகூட, அவன் என்னிடம் "சொன்னியா?" என்று கேட்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் டீச்சரைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு, இடது கையால் ஒரு பிடி மண் போட்டார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவன் இருந்தவரை அவனிடம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. இனி அந்த நாளை இல்லை.

அடுத்த சனிக்கிழமை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருவட்டாறு போனேன். ஷெட்டின் சுவரில் இன்னும் கரி. சாரும் டீச்சரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்னது, நான் சொல்லாதது, எனக்கு வாசனை அடித்தது, அவன் கேட்டபோது சொன்னேன் என்று சொன்னது, அட்டையை ஒளித்தது. சொல்லி முடித்து அட்டையை நீட்டினேன். சார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கடைசிவரை வெளியே வரவில்லை.

டீச்சர் அட்டையை வாங்கி, ஒட்டிப்போன விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்து வாசித்தார். இரண்டு முறை வாசித்திருப்பார்.

"எங்களுக்குத் தெரியும் அண்ணா" என்றார். "முதல் திங்கக்கிழமையே ஆஸ்பத்திரியில அவரு சாரிட்ட கேட்டுட்டாரு, கடையில என்ன சொன்னாவன்னு. செரியாச்சுன்னு சொல்லித்தான் தந்தாவன்னு சார் சொன்னாரு."

அந்தக் கேள்வியை அவன் என் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டபோது, பதில் ஏற்கெனவே அவன் கையில் இருந்திருக்கிறது. தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. நான் சொல்வதற்கு ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறான். நான் அடைத்தேன். மத்தியானம் தன் மூக்கின் கதையைச் சொல்லி இன்னொரு வழி திறந்தான். அதையும் அடைத்தேன்.

டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். சாருக்குக் கோபம் வந்து கடைக்கு வரக் கிளம்பினாராம். அருளப்பன்தான் தடுத்திருக்கிறான். "'எனக்க பங்க நான் சொல்லிட்டேன். அவனுக்க பங்க அவனே வந்து சொல்லுவான். அதுவரைக்கும் நீங்க கேக்காண்டாம் டீச்சர்'ன்னாரு. அவரு கேட்டுக்கிட்டதுனால நாங்களும் இருந்துட்டோம்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து செருப்பக் கழத்தும்போதே கேப்பாரு, மணி வந்தானான்னு. கடைசியா வந்த அன்னைக்கும் கேட்டாரு."

எனக்கு அங்கே அழுவதற்கு உரிமை இல்லை. ஆனாலும் அழுதேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது அட்டையைத் திருப்பித் தந்தார். "இது ஒங்களுக்குள்ளது, வச்சுக்கிடுங்க" என்றார்.

அருளப்பனிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அட்டைதான். புகை டப்பாவைப் பெல்சியிடம் கொடுத்துவிட்டேன். அட்டை இப்போது ஸ்கேனருக்கு மேலே, வருகிறவர் எவரும் வாசிக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் கறை பட்டு 'மறுபடி புகை' என்ற வரி மங்கிவிட்டது, 'அழிக்கப்பிடாது' நன்றாகத் தெரிகிறது. அது யார் எழுதியது, எதற்கு எழுதியது, யார் ஒளித்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். அவன் விட்ட வண்டி எரிந்தது என்று இதுவரை பேசியவர்கள் இனி என் பெயரைப் போட்டுப் பேசுங்கள்.

கார் வெளியே போகும்போது வாசலில் துணியோடு நின்று கேட்க ஆள் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வண்டிக்கும் நான் வாசல்வரை போகிறேன். அந்த ஒரு வண்டிக்கு மட்டும் இரண்டு வருடம் பிந்திவிட்டது. அருளப்பா, 'மணி வந்தானா' என்று நீ கேட்டவர்களிடமும் சொன்னேன், இப்போது ஊரறிய எழுதியும் விட்டேன்.

சொன்னேன், மக்கா. இந்தத் தடவை உள்ளதுதான்.